மீட்டர் முள்ளும் மைல் கல்லும்

சென்னை மாநகருக்கு மேற்கே, பாடியைத் தாண்டியதும் தொடங்கும் ஊர்களுக்கென்று ஒரு தனி இயல்பு உண்டு. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் என இருப்புப் பாதையை ஒட்டி அமைந்த இவ்வூர்கள் பெயரில் பழமையும் தொழிலில் புதுமையும் கொண்டவை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இவ்வழியேதான் சென்றது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. பத்தாண்டுகள் கழித்து, 1965இல், அதே ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டிருந்தது.

இத்தொழிற்பேட்டையின் தெருக்களில் நடப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். இங்கே அளவுதான் பிழைப்பு. கடைசல் பட்டறையில் நிற்கும் இளைஞரின் சட்டைப் பையில் பேனாவோடு வெர்னியர் அளவுகோல் இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் செய்த பொருள் கழிக்கப்பட்டுவிடும். அன்றைய உழைப்பு இரும்புத் துகளோடு குப்பைக்குப் போகும். இத்தனை நுட்பமாய் அளந்து பழகிய வட்டாரத்தில், ஒரு காரின் மீட்டர் பதினான்கு மாதங்கள் தவறாகவே ஓடியது என்பதும், அது எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் வாசக அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி.

ஆவடியில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வந்தார். 2013ஆம் ஆண்டு நடந்தது இது. அம்பாசிடர் உற்பத்தி நின்றது அடுத்த ஆண்டு மே மாதத்தில். அப்போதே அது முதியவர்களும் திருமண வீட்டாரும் மட்டுமே விரும்பிக் கேட்கும் வண்டியாகிவிட்டிருந்தது. ஆட்டோக்களில் உள்ளதுபோல் முத்திரையிட்ட கட்டண மீட்டர் இதில் இல்லை. புறப்படும்போது கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வார். திரும்பியதும் மீண்டும் குறிப்பார். வேறுபாட்டைக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் வீதம் பெருக்கி வாங்குவார். ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைக்கும் நல்ல பழக்கம் அவருக்கு இருந்தது. பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அந்த நோட்டுப் புத்தகமே ஆதாரமாயிற்று.

அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். சில மாதங்களுக்கு ஒருமுறை மனைவியின் சிகிச்சைக்காக வேலூர் சென்று வருவார். ஒருநாள் பணம் கொடுக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன பாய், வேலூரை யாராவது பத்துக் கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார்களா?"

முன்பெல்லாம் போய்த் திரும்ப 250 காட்டிய வண்டி இப்போது 270 காட்டியது. வழி மாறவில்லை. பெரியவர் குறை கூறவுமில்லை; கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டே போனார். ஆனால் அந்தச் சொல் நம் சகோதரரை உறங்கவிடவில்லை. மக்தபில் ஓதிய காலத்தில் மனனம் செய்த அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் அவருக்கு நினைவுக்கு வந்ததாம். திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமான அது, அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றிய எச்சரிக்கையோடு தொடங்குவது. மறுநாள் இஷாவுக்குப் பின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், தராசு வைத்திருப்பவனுக்குச் சொன்னது மீட்டர் வைத்திருப்பவனுக்கும்தானே?" என்றார்.

மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபி (அலை) அவர்கள், ஏக இறைவனை வணங்குங்கள் என்ற அழைப்பை ஒட்டியே அளவையை நிறைவாக்குங்கள் என்றும் கூறினார்கள். அந்தச் சமூகத்தார் வணிகர்கள், பாதையோரத்தில் வாழ்ந்தவர்கள். ஆகவே தூரத்தை விற்பவரும் வணிகரே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதலில் மீட்டர் உண்மையிலேயே தவறா என்று தெரிய வேண்டாமா? ஒரு மீட்டரைச் சோதிக்க அதைவிட நம்பகமான ஓர் அளவு வேண்டும். அது சாலையோரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு வழியாகத் தெற்கே திரும்பினால் கூவம் ஆறு குறுக்கிடும். நகருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் கூவம், இங்கே நாணலும் கொக்குமாய் ஓர் ஆற்றின் தோற்றத்தோடு இருக்கிறது. செந்நீர்க்குப்பத்தைக் கடந்து பூவிருந்தவல்லியை அடைந்து, ஃபஜ்ரு தொழுகையை அங்கே நிறைவேற்றினோம். இவ்வூரில் 1653இல், கோல்கொண்டாவின் குதுப்ஷாஹி ஆட்சிக்காலத்தில், பாரசீகத்தின் அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் என்பவர் எழுப்பிய பள்ளிவாசல் உண்டு. பாரசீகத்திலும் தெலுங்கிலும் அதில் கல்வெட்டு இருக்கிறது. மொழி தெரியாத வழிப்போக்கரும் அறியட்டும் என்று இரு மொழியில் கல்லில் எழுதிவைத்த அந்த எண்ணம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கல்லில் எழுதுவது பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வரலாற்றை விருப்பப் பாடமாகப் படித்தவனுக்கு இந்தச் சலுகையை வாசகர்கள் தர வேண்டும். சாலையில் தூரக் கல் நடும் பணியை உமையா கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சி 685-705) டமாஸ்கஸ்-ஜெரூஸலம் பாதையில் செய்திருக்கிறார். அவர் பெயர் பொறித்த மைல் கற்கள் இன்றும் கிடைக்கின்றன. கலீஃபா மாமூன் காலத்தில் அறிஞர்கள் சின்ஜார் சமவெளிக்குச் சென்று, துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை கயிற்றால் அளந்துகொண்டே நடந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்கள். நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. பூவிருந்தவல்லிக்குத் தென்கிழக்கே தெரியும் பரங்கிமலையருகில்தான், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை கிடத்தி ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அதற்கு 57 நாட்கள் ஆயின. இந்தியா முழுமையும் அளக்கப்பட்டது அந்தக் கோட்டிலிருந்துதான்.

எங்களுக்கு வேண்டியிருந்தது பத்தே கிலோமீட்டர்.

நசரத்பேட்டையைக் கடந்தால் பெங்களூரு நெடுஞ்சாலை ஞாயிறு அதிகாலையில் ஓரளவு வெறிச்சோடியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களுக்குத் தலையில் மஞ்சள் வண்ணம். மாநில நெடுஞ்சாலையின் கற்களுக்குப் பச்சை. இரண்டு கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்கள் இருக்கும். ஐந்தாவது கிலோமீட்டர்க் கல் சற்றுப் பெரிதாக, ஊர்ப் பெயர்களோடு நிற்கும். கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இவற்றை 'மைல் கல்' என்றே அழைக்கிறோம்; அதில் தவறில்லை, பழகிய பெயர்.

முதலில் தூரத்தைச் சோதித்தோம். ஒரு கல்லின் நேரே வண்டியை ஓரமாய் நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு, வலப்புறமோ இடப்புறமோ விலகாமல், பத்தாவது கல்வரை ஓட்டினார். பத்துக் கல்லுக்கு மீட்டர் பத்தே முக்காலைத் தாண்டி 10.8 காட்டியது. திரும்பி வரும்போதும் அதே 10.8. ஆக, நூறு கிலோமீட்டர் ஓடினால் நூற்றெட்டு.

அடுத்து வேகம். இதற்குக் கைக்கடிகாரத்தின் விநாடி முள் போதும். வேகமுள்ளை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி ஓட்ட வேண்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று உடனிருப்பவர் எண்ண வேண்டும். 3600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் கிடைத்துவிடும். அறுபது விநாடியானால் அறுபது கிலோமீட்டர் வேகம், எழுபத்திரண்டானால் ஐம்பது, தொண்ணூறானால் நாற்பது. ஓட்டுபவர் கடிகாரத்தைப் பார்க்கலாகாது. ஆளில்லாமல் இச்சோதனையைச் செய்யவும் கூடாது. நான் எண்ணினேன். முள் 60இல் நின்றபோது ஒரு கிலோமீட்டருக்கு 75 விநாடி ஆயிற்று. உண்மை வேகம் 48. முள் 40இல் நின்றபோது 112 விநாடி. உண்மை வேகம் 32.

இந்த இரண்டாவது சோதனையை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. முள்ளை யாரேனும் கழற்றித் தவறான இடத்தில் செருகியிருந்தால், எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிசகும். 60க்கு 12 கூட்டிக் காட்டுவது 40க்கும் 12 கூட்டிக் காட்டும். இங்கே 60க்கு 12, 40க்கு 8. பிசகு வேகத்தோடு விகிதமாக வளர்கிறது. நோய் முள்ளின் இருக்கையில் இல்லை, உள்ளே இருக்கிறது என்பது இதன் பொருள்.

தூரத்தில் நூற்றுக்கு எட்டுத்தான் கூடுதல். வேகத்திலோ நூற்றுக்கு இருபத்தைந்து. இரண்டும் ஒன்றாக இல்லையே, ஏன்? செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரியும் இடத்தில் தேநீர் அருந்தியபடி இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், பெட்டியில் கிடந்த ஸ்டெப்னி சகோதரரின் கண்ணில் பட்டது. டிக்கியைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டெப்னி டயர் ஓடும் டயர்களைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தேநீர்க் கடைக்காரரிடம் சணல் கயிறு வாங்கிச் சுற்றி அளந்தோம். ஸ்டெப்னியின் சுற்றளவு 207 சென்டிமீட்டர். ஓடும் டயரின் சுற்றளவு 191½. வகுத்துப் பார்த்தால் அதே நூற்றுக்கு எட்டு!

பதினான்கு மாதங்களுக்கு முன் நான்கு டயர்களையும் ஒருசேர மாற்றியிருந்தார். மலிவாகக் கிடைக்கிறது, இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கடையில் சொன்னார்கள். உள்வட்டம் ஒன்றுதான், ஆகவே பொருந்தத்தான் செய்தது. பக்கச் சுவரின் உயரம்தான் குறைவு. சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிக முறை சுழலும். மீட்டர் தூரத்தை அறியாது. சுழற்சியை மட்டுமே அறியும்.

வேகமானியின் உள்ளமைப்பு எளிமையானது. 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற முறைதான் நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் ஓடியது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பி சுழல்கிறது. அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தைத் தொடாமல் மூடியிருக்கும் ஓர் அலுமினியக் கிண்ணம், சுழலும் காந்தத்தால் ஈர்க்கப்பட்டுத் தானும் திரும்ப முயல்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பின்னே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். கம்பி உலர்ந்தோ மடிந்தோ போனால் முள் நடுங்கும். கிலோமீட்டர் எண்களுக்கு மட்டும் காந்தமும் வில்லும் கிடையா. அவை பற்சக்கரங்களால் நேரே சுழல்பவை. ஆகவே எண்கள் தவறினால் டயரிலோ பல்லிலோ குற்றம். எண்கள் சரியாய் இருந்து முள் மட்டும் தவறினால் மீட்டர் பெட்டிக்குள் குற்றம். நம் சகோதரரின் வண்டியில் இரண்டும் சேர்ந்திருந்தன.

நான்கு டயர்களையும் உடனே மாற்றப் பணமில்லை. அம்பாசிடரில் இழுப்பவை பின்சக்கரங்கள். மீட்டர் கம்பி எண்ணுவதும் அவற்றின் சுழற்சியைத்தான். எனவே பின்னிரண்டு டயர்களை முதலில் பழைய அளவுக்கே மாற்றினார். பத்துக் கல்லுக்கு மீட்டர் பத்துக் காட்டியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முள் 60இல் நிற்கும்போது இப்போதும் 69 விநாடி ஆயிற்று; உண்மை வேகம் 52தான். எஞ்சிய இந்தப் பிசகைத் தீர்க்க அம்பத்தூருக்குப் போனோம்.

தொழிற்பேட்டையின் ஒரு சந்தில், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசைபோல் ஒரு மேசையோடு இருந்தார் அந்த மீட்டர் மெக்கானிக். வயது எழுபதுக்குக் குறையாது. தூசு புகும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். ஒரு கிலோமீட்டருக்குக் கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்னும் எண் அதன் முகப்பில் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஆயிரம் என்றால் கணக்கு எளிது: நிமிடத்துக்கு ஆயிரம் சுழற்சி தந்தால் முள் 60இல் நிற்க வேண்டும். மேசை மோட்டாரில் பூட்டி ஓட்டினார். முள் 70ஐ நெருங்கியது. "வில்லு சோர்ந்துபோச்சு, பாய். மனுசனுக்கு வயசானா பேச்சு கூடுமே, அதுமாதிரி" என்றார். சுருள்வில்லைப் பிடித்திருக்கும் கொக்கியைச் சாமணத்தால் மயிரிழை நகர்த்துவதும், ஓட்டிப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு 40, 60, 80 மூன்றிலும் முள் சொன்ன சொல் மாறாமல் நின்றது. கம்பிக்குக் கிராஃபைட் கிரீஸ் தடவிக் கொடுத்தார். வாங்கியது 250 ரூபாய். இத்தகைய கைகள் இப்போது குறைந்து வருகின்றன. புதிய கார்களில் கம்பியே கிடையாது, மின்துடிப்புகளை எண்ணும் உணரிதான்.

வண்டி சரியாயிற்று. கணக்கு சரியாகவில்லை.

பதினான்கு மாதங்களில் மீட்டர் 43,200 ஓடியிருந்தது. உண்மையில் ஓடியது 40,000. அதில் சொந்தத் தேவைக்கு ஓடியது நீங்கலாக, வாடகைக்காரர்களிடம் வாங்கிய கூடுதல் ஏறத்தாழ 24,000 ரூபாய் என்று நோட்டுப் புத்தகம் சொன்னது. மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டார். அறியாமல் நேர்ந்ததற்குப் பாவமில்லை. ஆனால் அறிந்தபின் அது அடுத்தவர் பொருள். உரியவரைத் தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பேரால் ஏழைகளுக்குத் தர்மம் செய்ய வேண்டும். இதைத்தான் நான் சொன்னேன். வாடகையே குறைவுதானே, அதில் கழிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்கள் சிலர் சமாதானம் கூறினார்கள். வாடகை குறைவென்றால் கேட்டுக் கூட்டி வாங்கலாம். மீட்டரைக்கொண்டு கூட்டலாகாது என்பதே என் கருத்து.

அவர் வேறொன்றும் கேட்டார். பயணங்களில் சுருக்கித் தொழுத தொழுகைகள்? வேலூர்ப் பயணத்துக்குச் சிக்கலில்லை. எப்படி அளந்தாலும் அது நெடும்பயணம்தான். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் நாட்டு உலமாக்கள் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டரை எல்லையாகக் கொள்கின்றனர். ஷாஃபியீ மத்ஹபில் அது எண்பதைத் தாண்டும். உண்மையில் 73 உள்ள ஊரை 79 என்று காட்டிய மீட்டரை நம்பி அவர் மூன்று தொழுகைகளைச் சுருக்கியிருந்தார். அன்றிரவே அவற்றைக் களாச் செய்தார்.

பணம் அத்தனை விரைவில் திரும்பவில்லை. மகளின் படிப்புக்காக அவர் மனைவி கட்டிவந்த சீட்டை ஏலத்தில் எடுத்து, அந்த அம்மையாரே கணக்கின் முதல் பாதியைக் கொடுத்தார். மீதி எட்டு மாதங்களில் சிறுகச் சிறுகத் தீர்ந்தது. வேலூர்ப் பெரியவர் முதலில் வாங்க மறுத்தார். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள இசைந்தார். பலர் வியந்தனர். திருமண வீட்டார் ஒருவர் மட்டும், இது தெரிந்தது இவ்வளவு, தெரியாமல் எவ்வளவோ என்று கூறி, அதன்பின் வண்டிக்கு அழைப்பதையே நிறுத்திக்கொண்டார். நேர்மைக்கு எப்போதும் பாராட்டுக் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

இன்று இச்சோதனைக்குக் கல்லும் கடிகாரமும் கட்டாயமில்லை. கைபேசியே விண்கோள்களின் துணையோடு வேகத்தைக் காட்டிவிடுகிறது. திறந்தவெளியில் நேர்ச்சாலையில் சீராக ஓட்டும்போது அது பெரும்பாலும் நம்பத்தக்கது. மேம்பாலத்தின் கீழும் வளைவுகளிலும் நம்ப வேண்டாம். புதிய காரிலும் முள் சற்றுக் கூட்டியே காட்டுவது கண்டு அஞ்சவும் வேண்டாம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, நூற்றுக்குப் பத்தும் அதன்மேல் நான்கு கிலோமீட்டரும்வரை கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் 39ஆவது வாகன ஒழுங்குவிதி. முள் கூட்டிக் காட்டினால் ஓட்டுபவர் மெதுவாகப் போவார். குறைத்துக் காட்டினால் உயிருக்கு ஆபத்து. பெரிய டயர் மாட்டி அழகு பார்க்கும் இளைஞர்கள் இந்த இரண்டாவது வகையில் அகப்படுகிறார்கள். டயர் மாற்றும்போது பழைய டயரின் பக்கத்திலுள்ள எண்களை எழுதிக்கொண்டு போய் அதே எண்களைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றுக்கும் எளிய வழி.

2018இல் அந்த அம்பாசிடரை அவர் விற்றார். பழைய வண்டிச் சந்தையில் கிலோமீட்டர் எண்ணைப் பின்னோக்கித் திருப்பிக் குறைத்துக் காட்டும் தரகர்கள் உண்டு என்பதை அறியாதார் இல்லை. வாங்க வந்தவரிடம் நம் சகோதரர், மீட்டரில் தெரிவதில் 3,200 கிலோமீட்டர் இந்த வண்டி ஓடாத தூரம் என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார். வந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், வண்டியைச் சுற்றிவந்தார், பிறகு என்னைத் தனியே அழைத்து, "உண்மையைச் சொல்லுங்கள் ஹஜ்ரத், எவ்வளவு குறைத்து வைத்திருக்கிறார்?" என்று கேட்டார்.